கடவுளுக்கு விலாசம் சொன்னவர்

எங்கள் சபையில் யாராவது கண்ணை மூடிக்கொண்டு மைக்கைப் பிடித்தால் இப்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. முன்பு கொட்டாவிதான் வரும். பாடகர் குழுவில் நிற்கிறவள் நான். மேடைக்குப் பக்கத்திலேயே இடம், கொட்டாவியை மறைக்கப் பாட்டுப் புத்தகம் கையில் இருக்கும். இப்போது அதே புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த மனுஷன் என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாரோ என்று நிற்கிறேன்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணனின் மனைவி. கடைத்தெருவில் கீழே பெண்களுக்கான பார்லர், மேலே வீடு. நான் கல்யாணமாகி அடுத்த தெருவில்தான் இருக்கிறேன், பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். அண்ணிக்கு மூக்கு நுனியில் கோபம். 'கொஞ்சமா வெட்டுங்க' என்று வந்து உட்காருகிற பெண்மணி, வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் தீர்ந்தது.

"கொஞ்சம்னா எவ்வளவுன்னு வாயைத் திறந்து சொல்லணும்மா. உங்க மனசுக்குள்ள நான் என்ன சீப்பு விட்டுப் பார்க்கவா முடியும்?"

ஆனாலும் கூட்டம் குறையாது. கை அப்படி. வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்களே அடுத்த மாதம் வந்து அதே நாற்காலியில் உட்காருவார்கள். நான் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

என் அண்ணன் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் பின்தலை என்ன ஆகும் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வியர்வையில் முடி அட்டையாக ஒட்டிப்போகும், அதற்கடியில் தோல் புண்ணாகும். மாத்திரை கொடுக்க ஆள் இருந்தது, ஊசி போட ஆள் இருந்தது, தலையைப் பார்க்க ஆளில்லை. அண்ணி பார்லரில் முடி வெட்டும் மெஷினைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனாள். அவன் தலையை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, நனைத்து நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். முகத்தையும் மழித்துவிட்டாள். பேச்சு போய்விட்ட அண்ணன் கன்னத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரர், "எனக்கும் செஞ்சு விடும்மா" என்றார். அதற்கடுத்த கட்டில்காரர் கேட்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் செய்தாள்.

அண்ணன் இறந்துபோன பிறகும் அவள் அங்கே போவதை விடவில்லை. திங்கட்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு வாளியும் மெஷினுமாகக் கிளம்பிவிடுவாள். முதலில் வார்டு, பிறகு நோயாளிகளோடு வந்தவர்கள் தங்கும் கொட்டகை, கடைசியாகப் பின்பக்கம் இருக்கும் சலவைக்கூடம். வசனம் சொல்ல மாட்டாள். துண்டுப்பிரதி கொடுக்க மாட்டாள். "நீங்க எந்தச் சபைம்மா?" என்று யாராவது கேட்டால், "தலையை ஆட்டாதீங்க" என்பாள். ஆனால் மெஷினை எடுக்கும் முன் உதடு லேசாக அசையும். ஜெபம்தான் என்று எனக்குத் தெரியும்.

தலை இன்னொருத்தர் கையில் இருக்கும்போது மனிதர்களுக்கு ஏனோ வாய் திறந்துகொள்கிறது. மருமகளிடம் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் அண்ணியிடம் சொல்லுவார்கள். அவள் கேட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை வெளியே வராது. நானும் சும்மா தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

"அங்க வெட்டுன முடியை நான் இங்க கொண்டு வர்றேனா? அங்கயே பெருக்கிப் போட்டுட்டுதானே வர்றேன். போய் வேலையைப் பாரு."

இதெல்லாம் சபைக்குத் தெரியாமல் வெகுநாள் நடந்தது. பிறகு புது பாஸ்டர் வந்தார். "சபை நாலு சுவருக்குள்ள அடைஞ்சு கிடக்கக் கூடாது, வெளியே போங்க" என்று ஒரு ஞாயிறு முழங்கினார். நல்ல பிரசங்கம்தான், குறை சொல்ல மாட்டேன். யாரோ போய் எங்கள் அண்ணியைப் பற்றி அவர் காதில் போட்டார்கள். அடுத்த வாரமே குழு, பேனர், மஞ்சள் சட்டை எல்லாம் வந்துவிட்டன. சட்டை முதுகில் 'சுவருக்கு வெளியே' என்று எழுதியிருந்தது. செயலாளராக மரச்சாமான் கடைக்காரர் ஒருவரைப் போட்டார்கள். மெல்லப் பேசத் தெரியாத மனிதர். காதோடு ரகசியம் சொன்னால்கூட வாசல் வரைக்கும் கேட்கும். அண்ணி அவருக்கு வைத்த பெயர் ஒலிபெருக்கி.

முதல் திங்கட்கிழமை வார்டுக்குள் மஞ்சள் கூட்டம் நுழைந்ததும், நோயாளிகள் ஏதோ கட்சிக்காரர்கள் என்று நினைத்து எழுந்து உட்காரப் பார்த்தார்கள். பாதி மழித்த முகத்தோடு இருந்த ஒரு பெரியவரை ஒருவர் போனில் படம் எடுக்கப் போனார்.

"அந்த போனை உள்ள வைக்கிறீங்களா, இல்ல இந்த மெஷினை உங்க மீசையில ஓட்டட்டுமா?" என்றாள் அண்ணி.

அவர் அடுத்த வாரம் வரவில்லை. கொஞ்ச நாளில் மற்றவர்களும் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்கு நெடி ஒத்துக்கொள்ளவில்லை, ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குத் திங்கட்கிழமையே ஒத்துக்கொள்ளவில்லை. ஒலிபெருக்கி மட்டும் நின்றார். வெந்நீர் வாளி சுமந்தார், முடி பெருக்கினார், மூத்திரச் சட்டியைக்கூட முகம் சுளிக்காமல் எடுத்துப் போனார். அண்ணி அவரை ஒருநாளும் பாராட்டியதில்லை. ஆனால் திட்டுவதைக் குறைத்துக்கொண்டாள், அவளைப் பொறுத்தவரை அதுவே பெரிய விஷயம்.

ஒரு திங்கட்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். சலவைக்கூடத்தில் பெரிய உருளை இயந்திரங்கள் ஓடுகிற சத்தம், ஆவி, ப்ளீச்சிங் பவுடர் நெடி. ரத்தம் பட்ட விரிப்புகள் ஒரு பக்கம், அலசியவை ஒரு பக்கம். அங்கே வேலை செய்கிற பெண்களுக்கு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கும். அவர்களில் ஒருத்தியை எல்லோரும் 'புதுசு' என்று கூப்பிட்டார்கள். கொஞ்ச நாளுக்கு முன் சேர்ந்தவள். பெயரை யாரும் துருவவில்லை, அவளும் சொல்லவில்லை. இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, துணி மூட்டைகளுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் மேலே பழைய கட்டில்கள் போட்டு வைக்கும் அறையில் தங்கியிருந்தார்கள். மேற்பார்வை பார்க்கிற அம்மா கண்டும் காணாமலும் விட்டிருந்தார்.

அன்றைக்குப் புதுசு தானாக வந்து உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்தால் இடுப்புக்குக் கீழே போனது.

"எவ்வளவு வெட்டணும்?" என்றாள் அண்ணி.

"கைக்குப் பிடி கிடைக்காத அளவுக்கு வெட்டுங்கக்கா."

அண்ணியின் கத்தரி நின்றது. அப்புறம் வெட்ட ஆரம்பித்தாள். முடி விழ விழப் புதுசு பேசினாள். புருஷன் முடியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் அடிப்பானாம். சுவரில் மோதியதில் புருவம் கிழிந்ததாம். ஏற்கெனவே தப்பி ஓடியிருக்கிறாள், தேடிக் கண்டுபிடித்து இழுத்துப் போயிருக்கிறான். போலீசுக்குப் போனால், இரண்டு பேரையும் உட்காரவைத்துப் புத்தி சொல்லி, அவன் கூடவே அனுப்பி வைத்துவிட்டார்கள்.

"அடுத்த தடவை ஓடுனா குழந்தையை உயிரோட பார்க்க மாட்டேன்னு சொல்லியிருக்கான்கா. இப்ப நான் இங்க இருக்கிறது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

அண்ணி பிடரியில் மெஷினை ஓட்டி, ஒட்ட வெட்டி, கழுத்தைத் துடைத்துவிட்டாள். குழந்தை வந்து அம்மாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "அம்மா, இப்ப உன்னை அப்பாவுக்கு அடையாளம் தெரியாதுல்ல?" என்று கேட்டது. வாளியோடு நின்றிருந்த ஒலிபெருக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார். அந்த அழுகையைப் பார்த்து எனக்கே அவர்மேல் மரியாதை வந்தது, என்ன செய்ய.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஊழியங்களுக்காக ஜெபிக்க அவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் சபையில் ஆராதனையை நேரலையில் போடுவார்கள். நடுக்கூடத்தில் கேமரா நிற்கும், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவர் மைக்கைப் பிடித்தார், கண்ணை மூடினார்.

"அன்பின் ஆண்டவரே! ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி, அந்தச் சலவைக்கூடத்துல, உம்முடைய மகள் ஒருத்தி கண்ணீரோட இருக்காளே ஆண்டவரே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்கள் வரிசையில் அண்ணி தலையை நிமிர்த்தினாள்.

"கொடுமைக்காரப் புருஷனுக்குப் பயந்து, பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்த மகள் ஆண்டவரே!"

"ஆமென்!" என்று கத்தினாள் அண்ணி.

அவரை நிறுத்த அவளுக்கு அந்த நேரத்தில் அது ஒன்றுதான் தோன்றியிருக்கிறது. ஆமென் சொன்னால் ஜெபம் முடிய வேண்டுமே. ஆனால் அது எங்கள் சபை. அண்ணி ஒருநாளும் வாய்விட்டு ஆமென் சொன்னவள் இல்லை. அவளே சொல்லிவிட்டாள் என்றதும் ஜனங்களுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "ஆமென்! அல்லேலூயா!" என்று கூடமே எழுந்தது. அந்தச் சத்தத்தில் ஒலிபெருக்கிக்குத் தொண்டை இன்னும் திறந்துகொண்டது.

"அந்த இடது புருவத்துத் தழும்பைப் பாரும் ஆண்டவரே! அந்த நாலு வயசுப் பெண் குழந்தையைப் பாரும்! நீளமான முடியை வெட்டி எறிஞ்சுட்டாளே, அதைப் பாரும்! பழைய கட்டில் போட்டிருக்கிற அந்த மாடி அறையில..."

"ஆமென்! ஆமென்! ஐயோ, ஆமென்!" அண்ணி தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் தோளைத் தொட்டு, கையை உயர்த்தி, கூடச் சேர்ந்து அழுதார்கள். "சிஸ்டர் ஆவியில நிறைஞ்சிருக்காங்க" என்று பாஸ்டர் இன்னொரு மைக்கில் சொன்னார். அண்ணி பெஞ்சுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்து மைக் ஒயரைப் பிடுங்கினாள்.

"கடவுளுக்கு விலாசம் தெரியாதுன்னு நீங்க சொல்றீங்களா?" மைக் இல்லாமலே கூடம் முழுக்கக் கேட்டது. "தெரியக் கூடாதவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்குச் சொல்லிட்டீங்களேய்யா!"

கேமராவை நிறுத்தச் சொன்னாள், அந்தப் பதிவை அழிக்கச் சொன்னாள். "ஆராதனை முடியட்டும் சிஸ்டர், பேசிக்கலாம்" என்றார் பாஸ்டர். அவள் பேச நிற்கவில்லை. நானும் பாட்டு அங்கியோடு அவள் பின்னால் ஓடினேன்.

சலவைக்கூடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது புதுசு அழவில்லை. "யாரு, அந்த வாளி தூக்குற அண்ணனா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு துணிகளைப் பையில் திணித்தாள். அன்றைக்கு மத்தியானமே அம்மாவையும் பிள்ளையையும் அண்ணி தன் வீட்டு மாடியில் கொண்டு வந்து வைத்துக்கொண்டாள். குழந்தை அண்ணியை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தது. நான் பொறாமையில், "அவங்க திட்டுவாங்க, ஜாக்கிரதை" என்றேன். "என்னைத் திட்டலையே" என்றது.

மறுநாள் திங்கட்கிழமை அண்ணி வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். சலவைக்கூடத்தில் ஒருத்தியும் வந்து உட்காரவில்லை. மேற்பார்வை பார்க்கிற அம்மாதான் பேசினார்.

"நேத்து சாயந்திரமே ஒருத்தன் வந்துட்டாம்மா. நல்லா சட்டை பேன்ட் போட்டுட்டு வந்து, 'புருவத்துல தழும்பு இருக்குற பொண்ணு எந்த மாடியில இருக்கு'ன்னு கேக்குறான். அவ போய்ட்டான்னு சொன்னா நம்பாம மேல ஏறிப் பார்த்துட்டுப் போனான்."

எந்த ஜெபத்துக்கும் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்து நான் பார்த்ததில்லை. என் மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக நாங்கள் ஜெபித்தது இன்னும் அப்படியே நிற்கிறது.

கிளம்பும் நேரத்தில் வயதான ஒரு பெண் மட்டும் வந்தாள். நாற்காலியின் பக்கத்தில் தயங்கி நின்றாள். "அம்மா, உங்ககிட்ட மைக் ஏதும் இல்லையே?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, பயந்துதான் கேட்டாள். அண்ணி மேலங்கியின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். சீப்பு, கத்தரி, ஈரத்துண்டு. அந்தப் பெண் உட்கார்ந்தாள், வெட்டி முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது அண்ணியும் திறக்கவில்லை. அவள் திட்டாமல் நடந்து வந்தது எனக்குத் திட்டுவதைவிடப் பயமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பார்லர் கதவு பாதிதான் திறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது. சபைக்குப் போக வேண்டாம் என்றேன். "பதிவை இன்னும் அழிக்கலை. கேட்காம விட மாட்டேன்" என்று கிளம்பினாள்.

அங்கே அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

தலையைப் படிய வாரி, மடியில் வேதப் புத்தகம் வைத்துக்கொண்டிருந்தான். பிரசங்கம் முடிந்ததும் எழுந்து, தான்தான் அந்தப் பாவி என்றான். வேறொரு ஊரில் இருக்கும் தன் சித்தி ஞாயிறு முழுக்கப் போனில் ஒவ்வொரு சபையாகப் பார்ப்பவர் என்றும், அந்த ஜெபத்தைக் கேட்டுத் தனக்குச் சொன்னார் என்றும், ஆண்டவர்தான் வழி காட்டினார் என்றும் சொன்னான். சொல்லிவிட்டு முழங்கால் போட்டு அழுதான். ஒலிபெருக்கி ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். சபையே அழுதது. எனக்கு எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும் போல இருந்தது. அண்ணியைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியும் வந்தார். அவனை வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

"சிஸ்டர், அவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஒரு குடும்பம் சேரப் போகுது. மனசு வைக்கணும்."

"தெரியாது."

"பொய் சொல்லக் கூடாது சிஸ்டர்."

"பொய்தான் சொல்றேன். அதுக்கு என்ன தண்டனையோ, நானும் ஆண்டவரும் பேசித் தீர்த்துக்கிறோம். நீங்க நடுவுல வராதீங்க."

பாஸ்டர் பெருமூச்சு விட்டார். "அவர் எப்படி அழுதார்னு பார்த்தீங்கல்ல?"

"நீங்க இன்னைக்குத்தான் பார்த்தீங்க பாஸ்டர். அவ வருஷக்கணக்கா பார்த்திருக்கா. ஒவ்வொரு தடவை அடிச்ச பிறகும் இப்படித்தான் அழுவானாம். கால்ல விழுவானாம். மன்னிப்பு கேக்கணும்னா அவ தானா வந்து நிக்கிற அன்னைக்குக் கேக்கட்டும். வரலைன்னா கேக்காமலே சாகட்டும்."

ஒலிபெருக்கி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். "நான் நல்லதுக்குத்தானேம்மா செஞ்சேன்?"

"நீங்க கெட்டது செஞ்சிருந்தா எனக்குச் சுலபம்யா. நாலு அறை விட்டுட்டு என் வேலையைப் பார்த்துட்டுப் போயிருப்பேன். நல்லது செஞ்சிருக்கீங்க. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

அவர் அழ ஆரம்பித்தார். அழுகிற மனிதர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அவர் ரொம்ப உடைஞ்சு போய்க் கேட்டார்மா. அதான் சொல்லிட்டேன், பார்லர் சிஸ்டரைக் கேட்டா தெரியும், கடைத்தெருவுலதான் வீடுன்னு..."

அண்ணி கதவைத் திறந்தாள். வெளியே நாற்காலி காலியாக இருந்தது.

நாங்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர் கேட்காமலே வண்டியை நிறுத்தினார். கடைத்தெருவில் இறங்கும்போது அவன் பார்லர் ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தான். மெதுவாக, மரியாதையாகத் தட்டினான். எங்களைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "அக்கா, என் குழந்தையை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன்கா" என்றான். கண் ஈரமாகத்தான் இருந்தது. மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு பேசினான்.

அண்ணியின் கோபத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கு அதற்கு ஒரு வேலை வந்தது. தெருவே அதிரக் கத்தினாள். தனியாக இருக்கிற பெண்ணின் கடையை உடைக்கிறான் என்றாள், யார் என்று கேட்டால் அழுது நடிக்கிறான் என்றாள், இன்னும் என்னென்னவோ சொன்னாள். அதில் பாதியைப் பாஸ்டர் கேட்டிருந்தால் சபையை விட்டே நீக்கியிருப்பார். எதிரே இருந்த டயர் கடை ஆட்கள் இரும்புக் கம்பியோடு வந்தார்கள். அவளிடம் திட்டு வாங்காத ஆள் அந்தத் தெருவில் இல்லை, ஆனால் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகை சுத்தமாக நின்றுபோயிருந்தது.

"சரிக்கா. வீடு தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு வர்றேன்" என்று சிரித்துவிட்டு நடந்தான்.

மாடிக்குப் போனோம். புதுசு பையைக் கட்டி முடித்துக் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஜன்னல் ஓரமாக நின்று கேட்டிருக்கிறாள்.

"எங்க கிளம்புற?" அண்ணிக்கு மூச்சு வாங்கியது. "டயர் கடைக்காரங்க இருக்காங்க. நான் இருக்கேன். வர்றவன் காலை உடைச்சு அனுப்புறேன்."

"எத்தனை நாளைக்குக்கா?"

அண்ணி குனிந்து குழந்தையின் இன்னொரு செருப்பை மாட்டிவிட்டாள்.

"சரி, போ. எங்க போறேன்னு என்கிட்ட மட்டும் சொல்லு. யாருக்கும் சொல்ல மாட்டேன். இவகிட்டக்கூடச் சொல்ல மாட்டேன்" என்று என்னைக் காட்டினாள்.

புதுசு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். உரிந்த விரல்கள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க எனக்குச் செஞ்சதை எங்கம்மாகூடச் செஞ்சதில்ல. ஆனா சொல்ல மாட்டேன். நீங்களும் ஜெபம் பண்றவங்கதானே."

அண்ணிக்கு முகத்தில் அடித்தது போல இருந்திருக்கும். எனக்கே அப்படித்தான் இருந்தது.  கடையில் வாய் ஓயாதவள், மைக் இல்லாமல் கூடத்தையே நடுங்கவைத்தவள், அப்படியே நின்றாள். நான் ஏதோ சொல்ல வந்தேன். அண்ணி என் கையை அழுத்தி நிறுத்தினாள்.

வீட்டின் பின்பக்கப் படி ஒரு சந்தில் இறங்கும். இடது பக்கம் போனால் பஸ் நிலையம், வலது பக்கம் போனால் ரயில் நிலையம். மேலே இருந்து பார்த்தால் யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று நன்றாகத் தெரியும். புதுசும் அதைப் பார்த்து வைத்திருந்தாள்.

"அக்கா, நாங்க இறங்குனதும் கொஞ்ச நேரம் திரும்பி நின்னுக்கிறீங்களா?"

அண்ணி சமையலறைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். நானும் நின்றேன். செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. கீழே இருந்து குழந்தை கூப்பிட்டது.

"அத்தை, டாட்டா!"

 அண்ணி இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றியிருந்தாள்.

"அத்தை! இங்க பாருங்க, டாட்டா சொல்றேன்!"

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை.